மண்ணின் ஈரம் அறியும் கருவி

உரைநடை – அறிவியல் தமிழ்

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்திகளைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல்.
• வேளாண்மையில் நீர்ச் சிக்கனத்தின் தேவையைக் கணக்கீட்டின் வழியாக அறிதல்.
• குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பாசனக் கருவியின் அமைப்பையும் செயல்பாட்டையும் விளக்குதல்.
• கலைச்சொற்களைச் சொந்தத் தொடர்களில் பயன்படுத்துதல்.

நுழையும்முன்

நீர் குறைந்தால் பயிர் வாடும். நீர் மிகுந்தால் வேர் அழுகும். எப்போது நீர் பாய்ச்ச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்னும் இரண்டு வினாக்களுக்கு உழவர் நாள்தோறும் விடை காண வேண்டியுள்ளது. அவ்விடையை மண்ணிடமிருந்தே அறிந்து சொல்லும் சிறு கருவி எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது, மின்கம்பி எட்டாத வயலின் நடுவில் அது எவ்வாறு பல மாதங்கள் உழைக்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தொடர்வண்டியில் வந்த நீர்

மகாராட்டிர மாநிலத்தின் மராத்வாடா பகுதியில் லாத்தூர் நகரம் அமைந்துள்ளது. 2016ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகருக்குக் குடிநீர் தந்த நீர்நிலைகள் வறண்டன. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மிரஜ் நகரிலிருந்து தொடர்வண்டி மூலம் குடிநீர் கொண்டுவரப்பட்டது. முதல் வண்டி சுமந்து வந்த நீரின் அளவு ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர்.

இந்த 5 லட்சம் லிட்டர் நீரை வயலில் பாய்ச்சினால் எவ்வளவு பரப்பு நனையும்? ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அப்பரப்பின் மீது 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் 500 கன மீட்டர் நீர் தேவை. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டருக்குச் சமம். எனவே தேவைப்படும் நீர் 5 லட்சம் லிட்டர். வாய்க்கால் வழியாக வயல் முழுதும் பரவும்படி ஒருமுறை நீர் பாய்ச்சும்போது, 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீர் செலவாவது வழக்கம். ஒரு நகரமே எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த நீர், ஒரு ஹெக்டேர் நிலத்தை ஒரே ஒருமுறை நனைப்பதற்கு மட்டுமே போதுமானது. லாத்தூரைச் சுற்றிலும் கரும்பு விளைவிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஓராண்டு வளரும் அப்பயிருக்கு அத்தகைய நனைப்புகள் பல வேண்டும்.

உலகிலேயே நிலத்தடி நீரை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடு இந்தியா. நாட்டில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வேளாண்மைக்கே செல்கிறது. ஆகவே, பாசனத்தில் ஒவ்வொரு நனைப்பிலும் வீணாகும் நீரைக் குறைத்தால் அதன் பயன் வயலோடு நின்றுவிடாது. அண்டை ஊரின் கிணற்றையும் நகரின் குடிநீர்க் குழாயையும் சென்றடைய வழி பிறக்கும்.

மின்சாரம் வந்தால் ஓடும் மோட்டார்

நீர் வீணாவதற்கு உழவரின் கவனக்குறைவே காரணம் என்று கருதுவது பொருந்தாது. பல மாநிலங்களில் வேளாண் இணைப்புகளுக்கு நாள் முழுதும் மின்சாரம் கிடைப்பதில்லை. சில நாள்கள் பகலிலும் சில நாள்கள் இரவிலுமாக முறைவைத்து மின்சாரம் வழங்கப்படுகிறது. நள்ளிரவில் மின்சாரம் வந்தால், உழவர் கைவிளக்குடன் வரப்பில் நடந்து சென்று மோட்டாரை இயக்க வேண்டும். பாம்புக்கடி அச்சம் எங்கும் உண்டு. மகாராட்டிரத்தின் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகளும் பதுங்குகின்றன.

இத்துன்பத்திலிருந்து தப்புவதற்காகப் பலர் மோட்டாருடன் தானியங்கித் தொடக்கியைப் பொருத்துகின்றனர். பேச்சு வழக்கில் இஃது ஆட்டோ ஸ்டார்ட்டர் எனப்படுகிறது. மின்சாரம் வந்தவுடன் இது மோட்டாரை இயக்கிவிடும். மின்சாரம் நிற்கும்வரை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முதல்நாள் மழை பெய்து மண் நனைந்திருப்பதோ, பயிருக்கு இன்னும் மூன்று நாள்களுக்கு நீர் தேவைப்படாது என்பதோ அக்கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்.

எனவே, புதிய கருவி ஒன்றை வடிவமைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது இந்த ஒரு கேள்வியைத்தான். ‘மின்சாரம் இருக்கிறதா?’ என்பதோடு, ‘மண்ணில் ஈரம் இருக்கிறதா?’ என்றும் கேட்கும் கருவியே உணரி வழிப் பாசனக் கருவி.

மண்ணின் இரண்டு எல்லைகள்

வேர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்ப்பது உழவரின் பழைய வழக்கம். மண் உருண்டையாகத் திரண்டால் ஈரம் உண்டு. உதிர்ந்தால் நீர் தேவை. உழவரின் விரல்கள் உணரும் அந்த வேறுபாட்டைக் கருவி எண்ணாக மாற்றித் தருகிறது.

மண்துகள்களின் இடையே நுண்ணிய வெற்றிடங்கள் உள்ளன. நன்கு நீர் பாய்ச்சிய பின், பெரிய இடைவெளிகளில் உள்ள நீர் இரண்டு அல்லது மூன்று நாள்களில் கீழே வடிந்துவிடும். அதன் பிறகும் மண் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் நீரின் அளவு வயல் கொள்திறன் எனப்படும். பயிர் இந்நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சுகிறது. ஈரம் குறையக் குறைய, எஞ்சிய நீரை மண் மேலும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் மண்ணில் சிறிதளவு நீர் இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது. அந்நிலையே நிலையான வாடல் நிலை ஆகும்.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்கு உதவும் நீர். சான்றாக, ஒரு கரிசல் நிலத்தின் வயல் கொள்திறன் 38 விழுக்காடு, வாடல் நிலை 20 விழுக்காடு எனக் கொள்க. பயிருக்கு உதவும் நீர் 18 விழுக்காடு. அதில் பாதி, அதாவது 9 விழுக்காடு, செலவானதும் நீர் பாய்ச்சலாம் என முடிவு செய்தால், ஈரம் 29 விழுக்காட்டுக்கு இறங்கும்போது பாசனம் தொடங்க வேண்டும். 38 விழுக்காட்டைத் தாண்டி ஊற்றப்படும் நீர் வேருக்குக் கீழே இறங்கிப் பயனின்றிப் போவதுடன், உரச்சத்தையும் உடன் கொண்டுசெல்லும். ஆகவே, 36 விழுக்காட்டிலேயே பாசனத்தை நிறுத்துவது நலம்.

தொடங்கும் எல்லையும் நிறுத்தும் எல்லையும் வெவ்வேறாக இருப்பது இன்றியமையாதது. இரண்டும் 30 விழுக்காடு என ஒன்றாகவே அமைந்தால், ஈரம் சற்றே ஏறியதும் மோட்டார் நிற்கும். சற்றே இறங்கியதும் மீண்டும் ஓடும். இவ்வாறு அடிக்கடி நின்று ஓடும் மோட்டார் விரைவில் பழுதடையும்.

தெரிந்து தெளிவோம்

மின்சாரமே வேண்டாத ஈரங்காட்டி ஒன்றும் உண்டு. பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் நெல் வயலுக்கெனக் குழாய் வடிவக் கருவி ஒன்றை உருவாக்கியது. அதன் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கிண்ணம் இருக்கும். மண் உலரும்போது கிண்ணத்தின் வழியே நீரை வெளியே ஈர்க்கும். குழாயில் நீர்மட்டம் இறங்கும். நீர்மட்டம் பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சள் பட்டைக்கு வந்ததும் உழவர் நீர் பாய்ச்சலாம். கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், ஈர அளவை வண்ண விளக்குகளால் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்கியுள்ளது.

ஈரத்தை அளக்கும் உணரி

விலை குறைந்த மண் ஈர உணரிகள் இரண்டு வகைப்படும். முதல் வகை மின்தடை உணரி. இதில் இரண்டு உலோகக் கம்பிகள் மண்ணில் செருகப்படுகின்றன. ஈரம் மிகுந்தால் கம்பிகளுக்கு இடையே மின்னோட்டம் எளிதில் பாயும். இதன் அமைப்பு எளியது. ஆயினும் ஈர மண்ணில் மின்சாரம் பாயும்போது கம்பிகள் அரிக்கப்படுகின்றன. மண்ணில் உப்போ உரமோ மிகுந்தாலும் அளவு மாறிவிடும். சில வாரச் செய்முறைக்கு இது பொருந்தும். ஒரு பயிர்க்காலம் முழுமைக்கும் பொருந்தாது.

இரண்டாம் வகை மின்தேக்கு உணரி. இதில் உலோகப் பரப்பு மண்ணைத் தொடுவதில்லை. காப்புப் பூச்சு அதனை மூடியிருக்கும். மின்புலத்தில் பொருள்கள் காட்டும் இயல்பைக் குறிக்கும் ஒப்புமை விடுதிறன் என்னும் எண் காற்றுக்கு 1, உலர்ந்த மண்துகளுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 வரை, நீருக்கோ ஏறத்தாழ 80. ஆகவே மண்ணில் சிறிது நீர் கூடினாலும் உணரியின் மின்தேக்குத்திறன் தெளிவாக உயர்கிறது. உலோகம் அரிக்கப்படாததால் இவ்வகை நீண்ட நாள் உழைக்கும்.

உணரி தருவது வெறும் மின்னழுத்த எண்ணே. அஃது எத்தனை விழுக்காடு ஈரத்தைக் குறிக்கிறது என்பதை அந்தந்த வயலின் மண்ணைக் கொண்டே அறிய வேண்டும். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். ஈர மண்ணில் உணரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அம்மண்ணில் ஒரு பகுதியை நிறுக்க வேண்டும். பின்னர் 105 பாகை செல்சியசு வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 130 கிராம் ஈர மண் உலர்ந்தபின் 100 கிராம் ஆனால், எடைவழி ஈரம் 30 விழுக்காடு. மண்ணின் அடர்த்தியைக் கொண்டு இதனைப் பருமன்வழி ஈரமாக மாற்றிக்கொள்ளலாம். வெவ்வேறு ஈர நிலைகளில் இவ்வாறு செய்தால் உணரியின் எண்ணும் மண்ணின் ஈரமும் ஒன்றோடொன்று பொருந்தும்.

கரிசல் மண்ணுக்கு மேலும் ஒரு கவனம் தேவை. இம்மண் நனைந்தால் விரியும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். உணரியை ஒட்டி வெடிப்பு தோன்றினால், உணரி மண்ணை விடுத்துக் காற்றை அளக்கும். அதனைச் சுற்றி ஈரம் இருந்தாலும் வயல் வறண்டுவிட்டதாகச் செய்தி வரும். இதைத் தவிர்க்க, உணரியை மண் ஈரமாக இருக்கும்போதே புதைக்க வேண்டும். அவ்விடத்து மண்ணையே கூழாகக் கரைத்து, உணரியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஊற்ற வேண்டும்.

காய்கறிப் பயிருக்கு ஓர் உணரியை 15 சென்டிமீட்டர் ஆழத்திலும் மற்றொன்றை 40 சென்டிமீட்டர் ஆழத்திலும் பதிக்கலாம். மேல் உணரி, பாசனம் எப்போது தேவை என்பதைச் சொல்லும். கீழ் உணரியில் ஈரம் உயரத் தொடங்கினால், நீர் வேரைக் கடந்து கீழிறங்குகிறது என்பது பொருள்.

உறக்கமே சிக்கனம்

வயலின் நடுவில் நிற்கும் உணரி நிலையத்திற்கு மின்கம்பி இணைப்பு இல்லை. ஒரு சிறு மின்கலமே அதற்கு ஆதாரம். உணரி, நுண்கட்டுப்படுத்தி, வானொலி அனுப்பி ஆகிய மூன்றும் அம்மின்கலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே வடிவமைப்பாளரின் முதன்மையான சிக்கல் மின் சேமிப்பே.

மண்ணின் ஈரம் நொடிக்கு நொடி மாறுவதில்லை. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை அளந்தாலே போதும். அப்படியாயின் எஞ்சிய நேரமெல்லாம் கருவி விழித்திருக்கத் தேவையில்லை. இன்றைய நுண்கட்டுப்படுத்திகளில் ஆழ்உறக்கம் என்னும் நிலை உண்டு. அந்நிலையில் உள்ளிருக்கும் கடிகாரம் மட்டும் ஓடும். பிற பகுதிகள் அணைந்திருக்கும். பின்வரும் கணக்கு அதன் பயனைக் காட்டும்.

• மின்கலத்தின் கொள்ளளவு: 2,400 மில்லிஆம்பியர் மணி
• விழித்திருக்கும்போது சராசரி மின்னோட்டம்: 80 மில்லிஆம்பியர்
• உறங்கும்போது மின்னோட்டம்: 0.02 மில்லிஆம்பியர்
• விழிப்பு: 1,800 நொடிக்கு ஒருமுறை, 5 நொடி

எப்போதும் விழித்திருக்கும் கருவி: 2,400 ÷ 80 = 30 மணி நேரம். மின்கலம் இரண்டு நாள்கூடத் தாங்காது.

உறங்கி விழிக்கும் கருவி: விழிப்பின் பங்கு 80 × 5 ÷ 1,800 = ஏறத்தாழ 0.222 மில்லிஆம்பியர். உறக்கத்தின் பங்கு 0.02. மொத்தச் சராசரி 0.242 மில்லிஆம்பியர். எனவே 2,400 ÷ 0.242 = ஏறத்தாழ 9,900 மணி நேரம்; அதாவது ஏறத்தாழ 413 நாள்கள்.

உறுப்புகளில் எந்த மாற்றமும் இல்லை, மின்கலமும் அதுவே. 30 மணி நேரம் உழைத்த கருவி ஓராண்டைக் கடந்து உழைக்கிறது. மின்கலம் தானாகவே சிறிது மின்சாரத்தை இழக்கும் என்பதால் உண்மையில் நாள்கள் சற்றுக் குறையலாம். கைகுட்டை மடிப்பளவான சூரியத் தகடு ஒன்றை இணைத்தால் அக்குறையும் நீங்கும். நாளொன்றுக்கு இக்கருவி செலவிடுவது ஏறத்தாழ 5.8 மில்லிஆம்பியர் மணி மட்டுமே. சில நிமிட நல்ல வெயில் அதனை ஈடுசெய்துவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெயில் இல்லாவிட்டாலும் மின்கலம் தாங்கும்.

கணக்கை உற்றுநோக்கினால் மற்றோர் உண்மையும் விளங்கும். உறங்கும்போது உணரிக்குச் செல்லும் மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்க மறந்துவிட்டு, உணரி 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தால், மின்கலம் 20 நாள்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இக்கசிவே பல மாதிரிக் கருவிகள் தோல்வியுறக் காரணம் ஆகிறது.

குறைவாகப் பேசுதல்

அளப்பதைக் காட்டிலும் அளந்ததை அனுப்புவதற்கே மிகுந்த மின்சாரம் செலவாகும். வீட்டில் பயன்படும் வைஃபை அலை சில பத்து மீட்டர் தொலைவுக்கே எட்டும். வயலுக்கு ஏற்றது லோரா என்னும் நெடுந்தொலைவு வானொலி முறை. திறந்தவெளியில் இது சில கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும். மிகச் சிறிய செய்திகளை மெதுவாக அனுப்புவதே இதன் இயல்பு. ஈர அளவு என்பது ஓர் எண்ணே ஆதலால் அவ்வேகம் போதுமானது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைவரிசையை, வரையறுக்கப்பட்ட ஆற்றலுக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம்.

ஈரம் மாறாதபோது அதே எண்ணை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. குறிப்பிட்ட அளவு மாறினால் மட்டும் அனுப்பினால் மின்சாரம் மேலும் மிஞ்சும். ஆயினும், செய்தியே வராதபோது வயல் ஈரமாக இருக்கிறதா, கருவி பழுதடைந்துவிட்டதா என்பது விளங்காது. ஆகவே மாற்றம் இல்லாவிடினும் நாளுக்கு நான்கு முறையாவது தான் இயங்குவதைக் கருவி தெரிவிக்குமாறு அமைக்க வேண்டும்.

கிணற்றடியில் உள்ள மையக் கருவி இச்செய்தியைப் பெறுகிறது. மின்சாரம் வந்ததும் அது மோட்டாரை உடனே இயக்குவதில்லை. ஈரம் 29 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் மட்டுமே இயக்குகிறது. பல பாத்திகள் உள்ள தோட்டத்தில் எந்தப் பாத்திக்கு நீர் தேவையோ அதன் வால்வை மட்டும் திறக்கிறது.

வால்விலும் சிக்கனம் உண்டு. சாதாரண மின்வால்வு திறந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அஃது 200 மில்லிஆம்பியர் வீதம் மூன்று மணி நேரம் திறந்திருந்தால் 600 மில்லிஆம்பியர் மணி செலவாகும். உணரி நிலையம் நூறு நாள்களில் செலவிடுவது 580 மட்டுமே. மாறாக, பூட்டு வகை வால்வைத் திறக்கவும் மூடவும் நொடிக்கும் குறைவான ஒரு மின்துடிப்பு போதும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளிருக்கும் காந்தம் அதனை அந்நிலையிலேயே நிறுத்தி வைக்கும்.

கருவி தவறினால்?

நீர் தேவைப்படும்போது பாய்ச்சாத கருவி பயிரை வாட்டும். நிறுத்த மறந்த கருவி கிணற்றை வற்றச் செய்யும். எனவே, கருவி தவறக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே அதனை வடிவமைக்க வேண்டும்.

முதலாவதாக, ஈரம் உயர்ந்தாலும் உயராவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் மோட்டார் ஓடாதவாறு கால வரம்பு அமைய வேண்டும். வெடிப்பில் சிக்கிய உணரி தரும் பொய்ச்செய்தியின் தீங்கை இவ்வரம்பு கட்டுப்படுத்தும். இரண்டாவதாக, கிணற்றில் நீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடுவதைத் தடுக்க வேண்டும். மூன்றாவதாக, மோட்டார் ஓடிய பிறகும் மேல் உணரியில் ஈரம் உயரவில்லை என்றால், குழாய் உடைந்திருக்கலாம், சொட்டுவான் அடைத்திருக்கலாம், உணரி பழுதாகியிருக்கலாம். அப்போது கருவி தானே முடிவெடுக்காமல் உழவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நான்காவதாக, கையால் இயக்கும் பொத்தான் எப்போதும் இருத்தல் வேண்டும். வயலை நேரில் பார்க்கும் உழவரின் முடிவே இறுதி முடிவு.

கருவியின் எல்லை

தேவையற்ற பாசனத்தைத் தவிர்ப்பதால் ஒரு கிணற்றில் நீர் மிஞ்சுகிறது எனக் கொள்க. மிஞ்சிய நீரைக் கொண்டு அவ்வுழவரே மேலும் ஓர் ஏக்கரில் கரும்பு நட்டால், நிலத்தடி நீர் முன்போலவே இறங்கும். உழவரின் வருவாய் கூடும்; ஊரின் நீர்மட்டம் உயராது. மிஞ்சும் நீரைக் கிணற்றில் விட்டுவைப்பதா, புதிய பயிருக்குச் செலவிடுவதா என்பதைக் கருவி முடிவு செய்ய இயலாது. எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் விளைவிப்பது என ஊரார் கூடி எடுக்கும் முடிவும், குறைந்த நீரில் விளையும் துவரை போன்ற பயிர்களுக்குக் கிடைக்கும் நல்விலையுமே அதனை உறுதிசெய்யும்.

உணரி வழிப் பாசனத்தின் அடிப்படை ஒன்றே. கருவி தேவைப்படும் நொடியில் மட்டும் விழிக்கிறது. ஆகவே சிறு மின்கலத்தில் ஓராண்டு வாழ்கிறது. மோட்டாரும் தேவைப்படும்போது மட்டும் ஓடுகிறது. ஆகவே கிணற்றில் நீர் மிஞ்சுகிறது. இரவில் மின்சாரம் வரும்போது, மண் ஈரமாக இருந்தால் மோட்டார் அமைதியாக இருக்கும். உழவரும் அச்சமின்றி உறங்கலாம்.

சொல்லும் பொருளும்

உணரி – சூழலின் மாற்றத்தை அறிந்து மின்குறியாக மாற்றும் கருவி
நுண்கட்டுப்படுத்தி – ஒரே சில்லில் அமைந்த சிறு கணினி
வயல் கொள்திறன் – நீர் வடிந்தபின் மண் பிடித்து வைக்கும் ஈர அளவு
அளவுத்திருத்தம் – கருவியின் எண்ணை உண்மை அளவோடு பொருத்துதல்
சொட்டுவான் – சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் சிறு உறுப்பு
கரிசல் – கருநிறக் களிமண் நிலம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மண்ணில் சிறிது நீர் இருந்தும் வேரால் எடுக்க இயலாத நிலை ______.
அ) வயல் கொள்திறன் ஆ) நிலையான வாடல் நிலை இ) ஆழ்உறக்கம் ஈ) அளவுத்திருத்தம்

2. நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ ______.
அ) 1 ஆ) 5 இ) 38 ஈ) 80

3. ‘அவ்விடை’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
அ) அவ் + விடை ஆ) அ + விடை இ) அந்த + இடை ஈ) அவை + விடை

ஆ. பொருத்துக.

1. மின்தடை உணரி – மெதுவாகச் சிறுசெய்தி அனுப்பும்
2. லோரா – மின்துடிப்பு மட்டும் போதும்
3. பூட்டு வகை வால்வு – கம்பிகள் அரிக்கப்படும்
4. தானியங்கித் தொடக்கி – மின்சாரம் வந்ததும் மோட்டாரை இயக்கும்

இ. செயப்பாட்டு வினைத் தொடராக மாற்றுக.

1. உழவர் வயலுக்கு நீர் பாய்ச்சினார்.
2. மாணவர்கள் உணரியை ஈர மண்ணில் புதைத்தனர்.

ஈ. குறுவினா

1. பாசனம் தொடங்கும் எல்லையும் நிறுத்தும் எல்லையும் வெவ்வேறாக இருக்க வேண்டியது ஏன்?
2. கரிசல் மண்ணில் உணரியைப் புதைக்கும்போது கவனிக்க வேண்டியவை யாவை?
3. ஈரம் மாறாதபோதும் கருவி செய்தி அனுப்ப வேண்டுவது ஏன்?

உ. சிறுவினா

1. தானியங்கித் தொடக்கிக்கும் உணரி வழிப் பாசனக் கருவிக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. கருவி தவறும்போது ஏற்படும் தீங்கைக் குறைக்கும் நான்கு ஏற்பாடுகளை விளக்குக.

ஊ. கணக்கிட்டு எழுதுக.

பாடத்தில் காட்டிய கருவி 10 நிமிடத்திற்கு ஒருமுறை விழித்தால் மின்கலம் எத்தனை நாள் உழைக்கும்? ஒரு மணிக்கு ஒருமுறை விழித்தால் எத்தனை நாள்? பயிருக்கு எது ஏற்றது எனக் காரணத்துடன் எழுதுக.

எ. சிந்தனை வினா

கருவியால் மிஞ்சிய நீரை என்ன செய்வது என்பதை உழவர் மட்டும் முடிவு செய்ய வேண்டுமா, ஊரார் கூடி முடிவு செய்ய வேண்டுமா? இருதரப்புக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.

கற்பவை கற்றபின்

1. பள்ளித் தோட்டத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து, கையால் அழுத்திப் பார்த்து ஈரத்தை மதிப்பிடுக. அம்மண்ணை நிறுத்து, நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுத்து, எடைவழி ஈரத்தைக் கணக்கிடுக. இரண்டு மதிப்பீடுகளையும் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.

2. உங்கள் பகுதி உழவர் ஒருவரைச் சந்தித்து, நீர் பாய்ச்சும் நேரத்தை அவர் எவ்வாறு முடிவு செய்கிறார் எனக் கேட்டு அறிக. அவர் பயன்படுத்தும் வேளாண் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களுடன் பட்டியல் உருவாக்குக.